ஒரே ஆள் எட்டுக் கிண்ணம் தயிர் ருசி பார்த்தால் எந்த எரரைப் பார்ப்பது?

தயிர்ச்சட்டி, களுவாஞ்சிக்குடி

எல்லோருக்கும் வணக்கம். இறுதி வருட ஆய்வு எழுதிக்கொண்டிருக்கிறேன். இரண்டு கிழமையாக ஒரே இடத்தில் நிற்கிறேன். கொஞ்சம் நீளமான கேள்வி, பொறுத்துக்கொள்ளுங்கள்.

என் ஆய்வு எருமைத் தயிர் பற்றியது. வெல்லாவெளிக்கு அங்கால் ஒரு பட்டியில் பால் எடுத்து, காய்ச்சி ஆறவிட்டு உறை ஊற்றினேன். பாதியை மண்சட்டியில் உறைய வைத்தேன், பாதியைக் கடைக்குப் போகிற பிளாஸ்ரிக் கப்பில். எல்லாவற்றையும் குளிர்சாதனப் பெட்டியில் வைத்து 1, 3, 6, 9 ஆம் நாட்களில் ருசி பார்க்கக் கொடுத்தேன். ருசி பார்த்தவர்கள் 24 பேர். 12 பேர் படுவான்கரை (மட்டக்களப்பு வாவியின் மேற்குக் கரை), மண்டூர்ப் பக்கம், சட்டித் தயிரிலேயே வளர்ந்தவர்கள். மற்ற 12 பேர் எழுவான்கரை (கிழக்குக் கரை), எங்கள் ஊர்ப் பக்கம், கப் தயிர் வாங்கும் வீட்டுக்காரர்கள். எது சட்டி, எது கப் என்று தெரியாமல் ஒரே மாதிரி வெள்ளைக் கிண்ணத்தில் மூன்று இலக்க எண் ஒட்டிக் கொடுத்தேன். எதை முதலில் கொடுப்பது என்பதையும் மாற்றி மாற்றி வைத்தேன். ஆளுக்கு 8 கிண்ணம், ஒவ்வொன்றுக்கும் 1 முதல் 9 வரை புள்ளி. மொத்தம் 192 புள்ளிகள்.

அவற்றை 192 வரிகளாக எஸ்பிஎஸ்எஸ் மென்பொருளில் அடித்து, ஊர், பாத்திரம், நாள் என்று மூன்று காரணிகளோடு சாதாரண அனோவா (குழுக்களின் சராசரிகளை ஒப்பிடும் கணக்கு) போட்டேன். எரர் டிஎஃப் (எரரை மதிப்பிட உதவும் சுயாதீனத் தகவல்களின் எண்ணிக்கை) 176 வந்தது. ஊர், பாத்திரம், நாள், அவற்றின் இடைத்தாக்கங்கள் (ஒன்றின் விளைவு மற்றதைப் பொறுத்து மாறுவது) எல்லாவற்றின் பி-பெறுமானமும் 0.05 க்குக் கீழே, அதாவது வித்தியாசம் உண்டு என்று எழுதலாம். சந்தோசமாக எழுதி முடித்து மேற்பார்வையாளரிடம் கொடுத்தேன். 176 ஐச் சுற்றிச் சிவப்பில் வட்டம் போட்டு, பக்கத்தில் "ஒரே ஆள்தானே?" என்று இரண்டு சொல் மட்டும் எழுதித் திருப்பித் தந்துவிட்டார்.

பிறகு ஒரு தோழி சொல்லி, ஒரே ஆளைப் பல தரம் அளந்த தரவுக்கான ரிப்பீற்றட் மெஷர்ஸ் பகுதியில் போட்டேன். இப்போது அட்டவணை மழை. மோக்லி என்று ஒன்று, அதில் பாத்திரத்துக்கு 1.000 என்று வந்து, பி-பெறுமானம் வரவேண்டிய சிக் (Sig.) இடத்தில் வெறும் புள்ளி மட்டும் நிற்கிறது. அதற்குக் கீழே ஒவ்வொரு விளைவுக்கும் நான்கு வரி. ஊர் × பாத்திரம் × நாள் இடைத்தாக்கத்துக்கு எஃப் 3.00. முதல் வரியில் 0.05 க்குக் கீழே, கிறீன்ஹவுஸ்–கைசர் வரியில் 0.05 க்கு மேலே! எப்சிலன் 0.62. எந்த வரியை எழுதுவது?

இன்னொன்று. மூன்று கிண்ணங்களுக்குப் புள்ளி இல்லை. முதலில் அந்த இடங்களில் மற்றவர்களின் சராசரியைப் போட்டு நிரப்பியிருந்தேன். இப்போது வெறுமையாக விட்டால் எஸ்பிஎஸ்எஸ் இரண்டு ஆட்களையே தூக்கி எறிந்து 22 பேரோடு கணக்குப் பார்க்கிறது. முன்பு தெளிவாக இருந்த ஊர் வித்தியாசமும் காணாமல் போய்விட்டது. நான் செய்த வேலை முழுக்க வீணா?


பாலமீன்மடுப் பொடியன், மட்டக்களப்பு

மோக்லியில் பாத்திரத்துக்கு வெறும் புள்ளி வருவது பிழை இல்லை. சட்டி, கப் என்று இரண்டு மட்டம்தான் இருக்கிறது. அவற்றுக்கு இடையில் ஒரே ஒரு வித்தியாசம்தான், அதை ஒப்பிட இன்னொரு வித்தியாசம் கிடையாது. அதனால் சோதிக்க ஒன்றும் இல்லை. அதை விட்டுவிட்டு நாளுக்கு வருகிற வரியைப் பாருங்கள்.

மிச்சத்துக்கு, நான் என்றால் ஒவ்வொரு நாளுக்கும் சட்டி–கப் என்று பெயர்ட் ரி-டெஸ்ட் (ஒரே ஆளின் இரண்டு புள்ளிகளை ஒப்பிடும் சோதனை) போட்டிருப்பேன். படுவான்கரைக்கு நாலு, எழுவான்கரைக்கு நாலு. எங்கே வித்தியாசம் வருகிறது என்று நேரே தெரிந்துவிடும்.


வட்டைக்காரன், காரைதீவு

மகள், வேலை வீண் இல்லை. தரவு நல்ல தரவு, ஆறுதலாக வாசி. உன்ர சேர் எழுதின இரண்டு சொல்லுக்குள்ள முழு விடையும் இருக்கு. அதை நான் வயல்ல படிச்ச மாதிரிச் சொல்லுறன்.

விவசாய ஆராய்ச்சியில வேலைக்குச் சேர்ந்த புதுசில எனக்கு ஒரு பரிசோதனை தந்தாங்க. நெல்லுக்கு இரண்டு விதமாத் தண்ணி: ஒண்டு எப்பவும் கட்டி வைக்கிறது, மற்றது காயவிட்டுக் காயவிட்டுப் பாய்ச்சுறது. அதோட யூரியா நாலு அளவு. தண்ணியைச் சின்னத் துண்டுக்குத் தனியாக் குடுக்க ஒண்ணா, வரம்பால கசிஞ்சு பக்கத்துத் துண்டுக்குப் போயிடும். அதால ஆறு வரவை (வரம்பு கட்டின வயல் துண்டு) எடுத்து, மூண்டுக்கு ஒரு விதம், மூண்டுக்கு மற்ற விதம். மறுகா ஒவ்வொரு வரவையையும் நாலாப் பிரிச்சு யூரியா. மொத்தம் 24 துண்டு. அறுத்து, சூடடிச்சு, நிறுத்து, 24 விளைச்சலையும் எழுதி அனோவா செய்தன். எரர் டிஎஃப் 16. தண்ணிக்கு நல்ல வித்தியாசம் எண்டு அறிக்கை எழுதினன்.

எனக்கு மேல இருந்த பெரியவர் அதை வாசிச்சிற்று ஒண்டே ஒண்டு கேட்டார்: "தம்பி, தண்ணியை எத்தனை இடத்தில திறந்தாய்?" ஆறு எண்டன். "தண்ணி திறந்த வக்கடை ஆறு, கணக்கில 24 எப்படி வந்தது?" அவ்வளவுதான். தண்ணிக்குச் சாட்சி சொல்ல இருந்தது ஆறு வரவைதான். அதுக்குரிய எரர் டிஎஃப் 4. யூரியாவுக்கும், தண்ணி–யூரியா இடைத்தாக்கத்துக்கும் எரர் வேற, அதுக்கு 12. நான் நாலையும் பன்னிரண்டையும் ஒரு சாக்கில கொட்டி 16 ஆக்கிப்போட்டன். அந்த அறிக்கை ஒரு கிழமை மேசையில கிடந்தது. திருப்பி எழுதினபோது தண்ணி வித்தியாசம் நிக்கேல்ல. அண்டைக்குக் கவலைதான். ஆனா ஒரு வட்டைக்காரனுக்குத் தப்பான தண்ணி முறையைச் சொல்லாமத் தப்பினன் எண்டு இப்பவும் நினைக்கிறன்.

உன்ர தயிரில ஆள்தான் வரவை. ஊர் எண்டது தண்ணி மாதிரி, ஆளுக்கு ஆள்தான் மாறும், ஒரு ஆளுக்குள்ள மாறாது. பாத்திரமும் நாளும் யூரியா மாதிரி, ஒரே ஆளுக்குள்ள மாறுது. இதைத்தான் கலப்பு வடிவமைப்பு எண்டு சொல்லுறது: ஒரு காரணி ஆட்களுக்கு இடையில, இரண்டு காரணி ஆளுக்குள்ள.

இப்ப உன்ர 176 ஐப் பிரிச்சுப் பார்ப்பம். 24 பேரும் முழுசாக இருந்தால்:

ஊருக்கு எரர், ஒரே ஊர் ஆட்கள் ஒருத்தருக்கொருத்தர் எவ்வளவு வேறுபடுறாங்க எண்டது. டிஎஃப் 22.
பாத்திரத்துக்கும் ஊர் × பாத்திரத்துக்கும் எரர், சட்டி–கப் வித்தியாசம் ஆளுக்கு ஆள் எவ்வளவு மாறுது எண்டது. டிஎஃப் 22.
நாளுக்கும் ஊர் × நாளுக்கும் எரர், நாள் போற போக்கு ஆளுக்கு ஆள் எவ்வளவு மாறுது எண்டது. டிஎஃப் 66.
பாத்திரம் × நாளுக்கும், மூண்டும் சேர்ந்ததுக்கும் எரர், டிஎஃப் 66.

கூட்டு: 22, 22, 66, 66. 176 வருதா? நாலு சட்டியில இருக்க வேண்டியதை ஒரு பானையில ஊத்திற்றாய்.

ஒரு பானையில ஊத்தினால் பிழை ஒரு பக்கமா மட்டும் போகாது. சில பேர் இயல்பிலேயே எதுக்கும் 8, 9 குடுப்பாங்க, சில பேர் 4 க்கு மேல போகமாட்டாங்க. அந்த ஆள்–ஆள் வேறுபாடு பெரிசு. ஊரை அந்தப் பெரிய வேறுபாட்டோடதான் ஒப்பிட வேணும். ஒரு பானையில அது கரைஞ்சு சின்னதாப் போனதால ஊர் வித்தியாசம் பெரிசாத் தெரிஞ்சது. அதுதான் இப்ப காணாமப் போனது. மற்றப் பக்கம், பாத்திரமும் நாளும் ஆளுக்குள்ளேயே ஒப்பிடுறது, ஆள்–ஆள் வேறுபாடு அங்க வரவே கூடாது. ஒரு பானையில அதுவும் வந்து கலந்து, அந்தச் சோதனையைக் கூர் மழுங்கச் செய்யுது. ஒரே ஆளுக்கு எட்டுக் கிண்ணம் குடுத்ததால கிடைச்ச நன்மையை நீயே கைவிட்ட மாதிரி.

நம்பிக்கை வர கையால ஒருக்காச் செய்து பார். ஒவ்வொரு ஆளுக்கும் எட்டுப் புள்ளியின் சராசரி எடு, 24 எண் வரும். படுவான்கரை 12, எழுவான்கரை 12, சாதாரண இரண்டு குழு ரி-டெஸ்ட். அந்த ரியை வர்க்கிச்சால் அட்டவணையில ஊருக்கு நிக்கிற எஃப் அச்சொட்டா வரும். மறுகா ஒவ்வொரு ஆளுக்கும் சட்டிச் சராசரியில இருந்து கப் சராசரியைக் கழி. அந்த 24 வித்தியாசத்தையும் அதே மாதிரி ஊர் ஊராப் பிரிச்சு ரி-டெஸ்ட் போடு, ஊர் × பாத்திரம் வரும். இவ்வளவு பெரிய அட்டவணைக்குள்ள இருக்கிறது இவ்வளவுதான். அனோவாவைக் கண்டு பயப்பட வேணாம். ஃபிஷர் 1919 இல இங்கிலாந்தின் ரொதம்ஸ்ரெட் விவசாய ஆராய்ச்சி நிலையத்துக்குப் போய், அந்த வயல்களின் கணக்கோட மல்லுக்கட்டித்தான் இதை வளர்த்தார். வயல்காரருக்கு விளங்காத சங்கதி இதில இல்ல.

இனி நாலு வரி விஷயம். யூரியாவை நான் துண்டுகளுக்குச் சீட்டுக் குலுக்கிப் பிரிச்சன். நாளைக் குலுக்க ஒண்ணா. 1 ஆம் நாள் முதல்லதான் வரும், 9 கடைசியிலதான் வரும். அதால பக்கத்துப் பக்கத்து நாள்களின் புள்ளி ஒட்டி நிக்கும், தூர நாள்களின் புள்ளி விலகி நிக்கும். 1 க்கும் 3 க்கும் இடையில ஆளுக்கு ஆள் பெரிசா மாற்றம் இராது. 1 க்கும் 9 க்கும் இடையில பார், புளிப்பை விரும்புற ஆளுக்குக் கூடும், விரும்பாத ஆளுக்குச் சடாரெண்டு விழும். நாலு நாளுக்கு ஆறு சோடி. அந்த ஆறு சோடி வித்தியாசத்தின் பரம்பலும் ஒரே அளவாக இருக்க வேணும் எண்டதுதான் ஸ்பெரிசிட்டி. உன்ர தயிரில அது இருக்காது எண்டு சட்டியைத் திறக்க முன்னமே சொல்லலாம். தயிர் புளிக்கிற சாமான்.

அந்தக் குறையை அளக்கிறதுதான் எப்சிலன். முழுசாச் சரியெண்டால் 1. நாலு மட்டத்துக்கு ஆக மோசமெண்டால் மூண்டில ஒண்டு. உனக்கு 0.62. 22 பேரோட உன்ர டிஎஃப் 3 உம் 60 உம். இரண்டையும் 0.62 ஆல பெருக்கினால் 1.86 உம் 37.2 உம். எஃப் மாறாது, அதே 3.00 தான். ஆனா அதைத் தாண்ட வேண்டிய வரம்பு உயர்ந்திற்று. கிறீன்ஹவுஸ், கைசர் இரண்டு பேரும் 1950களின் கடைசியில சொன்ன திருத்தம் இது. அந்தக் குறை இருக்கா எண்டு பார்க்கிற மோக்லி சோதனை 1940 இல வந்தது. அதைச் செய்தவர்தான் பிறகு எனியாக் கணினியை உருவாக்கின இருவரில் ஒருத்தர். ஆள் பெரிய ஆள், ஆனா 24 பேரை வைச்சு அந்தச் சோதனை குறையைக் கண்டுபிடிக்காமல் விடக்கூடும். அதால மோக்லி என்ன சொன்னாலும் நான் திருத்தின வரியைத்தான் எழுதுவன். எப்சிலன் 0.75 க்கு மேல போனால் ஹுயின்–ஃபெல்ட் வரியை எடுக்கிற ஆக்களும் இருக்கிறாங்க, அதுவும் சரி. உன்ர 0.62 க்குக் கிறீன்ஹவுஸ்–கைசர்தான்.

0.05 க்குக் கீழ வந்த வரியைப் பார்த்து மனம் அங்க இழுக்கும், தெரியும். எந்த வரி எண்டதை எஃப் பார்க்க முன்னமே முடிவு செய்திருக்க வேணும். இனி எண்டாலும் அப்படிச் செய்.

எனக்கு இரண்டு விபரம் வேணும். அந்த மூண்டு கிண்ணம் ஏன் வெறுமை? சட்டி எத்தனை, பால் எத்தனை தரம் எடுத்தாய்?


தயிர்ச்சட்டி, களுவாஞ்சிக்குடி

ஐயா, 22, 22, 66, 66 ஐக் கூட்டிப் பார்த்துவிட்டுக் கொஞ்ச நேரம் அப்படியே இருந்தேன். கையால் செய்தும் பார்த்தேன், ரியின் வர்க்கம் அட்டவணையில் உள்ள எஃப் தான். மிக்க நன்றி.

வெறுமையான மூன்றில் இரண்டு, மண்டூர் மாமா ஒருவருடையவை. அவர் குருமண்வெளிக்கு ஒரு வேலையாக வந்திருந்தார். 9 ஆம் நாள் மழையும் காற்றும், துறையில் பாதை (ஆட்களை வாவிக்கு அக்கரை ஏற்றிப் போகும் மிதவை) ஓடவில்லை, அவர் இந்தக் கரையில் நின்றுவிட்டார். மூன்றாவது, மண்டூரில் ஒரு அம்மம்மா. 9 ஆம் நாள் ஒரு கிண்ணத்தை மணந்து பார்த்துவிட்டு, "இது ஒண்ணா புள்ள, வாயில வைக்கேலா" என்று தள்ளி வைத்துவிட்டார். அது கப் தயிர். சட்டித் தயிருக்குப் புள்ளி தந்தார். இதை என் கொப்பியில் எழுதி வைத்திருக்கிறேன்.

பால் ஒரே தரம்தான் எடுத்தேன். ஒரே அண்டாவில் காய்ச்சி, மூன்று சட்டி, 15 கப்.


கடலோரத் தரவு, அக்கரைப்பற்று

தங்கச்சி, நான் சுகாதாரத் தரவுகளோடு வேலை செய்கிறவள். வெறுமையான இடங்களோடுதான் எங்கள் சீவியம். அதனால் அந்த மூன்று கிண்ணத்தைப் பற்றி மட்டும் சொல்கிறேன்.

மாமாவின் இரண்டும் அம்மம்மாவின் ஒன்றும் ஒரே மாதிரி வெறுமை இல்லை. மாமாவைத் தடுத்தது மழை. தயிர் நன்றாக இருந்தாலும் கெட்டுப்போனாலும் அவர் வந்திருக்க முடியாது. அந்த வெறுமைக்கும் அவர் தந்திருக்கக்கூடிய புள்ளிக்கும் தொடர்பே இல்லை. அம்மம்மாவைத் தடுத்தது அந்தத் தயிர்தான். அவர் ஒரு பதில் சொல்லியிருக்கிறார், அது 1 முதல் 9 வரைக்குள் அடங்கவில்லை, அவ்வளவுதான். நீங்கள் அந்த இடத்தில் மற்றவர்களின் சராசரியைப் போட்டபோது, வாயில் வைக்க முடியாது என்று சொன்ன ஒரு ஆளை, "பரவாயில்லை, சாப்பிடலாம்" என்று சொல்ல வைத்துவிட்டீர்கள். அதை முதலில் எடுத்துவிடுங்கள். சராசரி போட்டு நிரப்புவது வேறுபாட்டையும் செயற்கையாகக் குறைக்கும், யாரும் தராத மூன்று புள்ளிகளின் சாட்சியையும் சேர்க்கும்.

எஸ்பிஎஸ்எஸ்ஸின் ரிப்பீற்றட் மெஷர்ஸ், ஒரு கிண்ணம் இல்லாவிட்டாலும் ஆளின் எட்டையும் விட்டுவிடும். அம்மம்மாவின் மற்ற ஏழு புள்ளிகளும் மாமாவின் ஆறும் உங்களிடம் இருக்கின்றன, அவற்றைக் கைவிடக் கூடாது. மிக்ஸ்ட் மொடலுக்குப் போங்கள். எஸ்பிஎஸ்எஸ்ஸிலேயே மிக்ஸ்ட் லீனியர் என்று இருக்கிறது, ஆர் (R) மென்பொருள் தெரிந்தால் அதிலும் செய்யலாம். உங்களிடம் உள்ள 189 புள்ளிகளையும் அது பயன்படுத்தும். நீங்கள் முதலில் அடித்த ஒரு புள்ளிக்கு ஒரு வரி வடிவம்தான் அதற்கு வேண்டும், கூடவே ஆளின் எண்ணுக்கு ஒரு நிரல்.

இங்கே ஒரு இடத்தில் மிகவும் கவனம். நிறையப் பேர் ஆளுக்கு ஒரு தற்செயல் விளைவு (ஆளுக்கு ஆள் மாறும் வேறுபாட்டுக்கான பகுதி) மட்டும் கொடுத்துவிட்டு முடித்துவிடுவார்கள். அப்படிச் செய்தால் ஐயா பிரித்துக் காட்டிய 22, 66, 66 மூன்றும் மறுபடி ஒன்றாகக் கலந்து 154 ஆகிவிடும். முதல் பானையிலிருந்து இரண்டாவது பானைக்குப் போன மாதிரி. ஆள், ஆள் × பாத்திரம், ஆள் × நாள் என்று மூன்றையும் தற்செயல் விளைவாகக் கொடுக்க வேண்டும். மிச்ச வேறுபாடு மீதி எரராக நிற்கும். நாட்களின் ஒட்டுறவு வேறு வடிவில் இருந்தால் அதையும் அங்கே சொல்லலாம், ஆனால் 24 பேருக்கு அளவுக்கு மிஞ்சிய மொடல் வேண்டாம்.

அம்மம்மாவின் கிண்ணத்துக்கு இரண்டு தரம் ஓட்டுங்கள். ஒரு தரம் வெறுமையாக விட்டு. ஒரு தரம் 1 என்று போட்டு. முடிவு இரண்டிலும் ஒன்றாக இருந்தால் அப்படியே எழுதலாம். மாறினால் அதையும் எழுதுங்கள். எதுவானாலும் "9 ஆம் நாள் கப் தயிரை ஒருவர் ருசி பார்க்க மறுத்தார்" என்ற வசனம் முடிவுகள் பகுதியில் இருக்க வேண்டும், அடிக்குறிப்பில் அல்ல. தயிர் வாங்குகிற ஆளுக்கு எஃப் பெறுமானத்தை விட அந்த வசனம்தான் தேவை.

1 முதல் 9 வரை புள்ளி என்பது வரிசைதானே, அதற்குச் சராசரி எடுக்கலாமா என்று யாராவது கேட்பார்கள். வரிசைத் தரவுக்குரிய மொடலும் இருக்கிறது. ஒருவரின் நான்கு, ஐந்து புள்ளிகளைச் சேர்த்துச் சராசரி பார்க்கிற இடத்தில் இது பெரிய ஆபத்து இல்லை என்பது என் எண்ணம். புள்ளிகள் 9 இல் போய் முட்டிக்கொண்டு நின்றால் யோசியுங்கள்.


வட்டைக்காரன், காரைதீவு

அக்கரைப்பற்றுப் பிள்ளை சொன்ன 154 ஐ அடிக்கோடு போட்டு வை. நான் கண்ட பிழைகளில கூட வாறது அதுதான்.

பாலமீன்மடுத் தம்பி சொன்ன எட்டு ரி-டெஸ்ட் பற்றி ஒரு சொல். தம்பி, நோக்கம் நல்லது. ஆனா படுவான்கரையில 9 ஆம் நாள் 0.05 க்குக் கீழ, எழுவான்கரையில மேல எண்டு வந்தால், இரண்டு ஊரும் வேறுபடுது எண்டு எழுதத் தோணும். அப்படி எழுத ஒண்ணா. ஒண்டு 0.04, மற்றது 0.07 ஆக இருந்தாலும் அப்படித்தான் வரும், இரண்டு வித்தியாசமும் கிட்டத்தட்ட ஒண்டாகவே இருக்கலாம். ஊருக்கு ஊர் வேறுபடுது எண்டு சொல்ல ஊரை நேரே ஒப்பிட வேணும். அந்த வேலையைச் செய்யிறதுதான் இடைத்தாக்கம். முதல்ல இடைத்தாக்கம், அது நிண்டால் பிறகு நாள் நாளாக ரி-டெஸ்ட், அதையும் ஹோம் முறையில (பல சோதனை செய்யிறதுக்கான திருத்தம்) திருத்தி.

மகள், இனி உன்ர விஷயத்தில எனக்குப் பெரிசாப் படுறது. 24 வாய் இருக்கு, ஆனா அண்டா ஒண்டு. நீ சட்டித் தயிர் நல்லது எண்டு எழுதினால் அது அந்த ஒரு நாள் பாலுக்கு, அந்த ஒரு உறைக்கு, அந்த மூண்டு சட்டிக்குச் சரி. இன்னொரு பட்டிப் பாலுக்கும் அப்படி வருமா எண்டு உன்ர தரவுக்குத் தெரியாது. ஆட்களைக் கூட்டிக் கூட்டி 100 ஆக்கினாலும் தெரியாது. என்ர ஆறு வரவை மாதிரித்தான் இதுவும். மண்சட்டி தண்ணியை உறிஞ்சித் தயிரை இறுக்கும், அது எல்லாருக்கும் தெரிஞ்சது. ஆனா சட்டிக்குச் சட்டி சூளையில வெந்த வெக்கை வேற, உறிஞ்சுற அளவும் வேற. மூண்டு சட்டியில எந்தச் சட்டித் தயிர் ஆருக்குப் போனது எண்டு குறிச்சு வைச்சிருக்கியா?


தயிர்ச்சட்டி, களுவாஞ்சிக்குடி

சட்டி எண் குறிக்கவில்லை ஐயா. ஒவ்வொரு நாளும் ஒரு சட்டியில் ஓரமாக வெட்டி எடுத்தேன். 1 ஆம், 3 ஆம் நாள் ஒரு சட்டி. 6 க்கு இரண்டாவது, 9 க்கு மூன்றாவது. அப்படியென்றால் 6 க்கும் 9 க்கும் இடையில் தெரிகிற மாற்றத்தில் சட்டி மாறியதும் கலந்திருக்கிறது, இல்லையா? இதை இப்போது எழுதும்போதுதான் விளங்குகிறது.

அக்கா சொன்ன மாதிரி நேற்று இரவு மொடலை ஓட்டினேன். மூன்று தற்செயல் விளைவுகளும் கொடுத்தேன். ஊர் × பாத்திரம் × நாள் 0.05 க்கு மேலேயே நிற்கிறது. அம்மம்மாவுக்கு 1 போட்டாலும் அப்படித்தான். ஊரின் முதன்மை விளைவும் இல்லை. பாத்திரம் × நாள் மட்டும் உறுதியாக நிற்கிறது: 1 ஆம் நாள் சட்டிக்கும் கப்புக்கும் பெரிய வித்தியாசம் இல்லை, நாள் போகப் போகச் சட்டி மேலே நிற்கிறது, இரண்டு ஊராருக்கும். படுவான்கரையார் சட்டியைத் தனியாக விரும்புவார்கள் என்று நான் நிச்சயமாக நினைத்திருந்தேன். தலைப்பையே அப்படித்தான் வைத்திருந்தேன். மாற்றிவிட்டேன்.

அடுத்த கிழமை மறுபடி பட்டிக்குப் போய்ப் பால் எடுக்கலாம் என்று மேற்பார்வையாளர் சொல்லியிருக்கிறார். இந்தத் தரம் நாளுக்குப் பல சட்டி, எண் போட்டு. ஒரு யோசனை: உறை ஊற்றும் நாளை முன்பின்னாக வைத்து, 9, 6, 3, 1 நாள் தயிர் எல்லாவற்றையும் ஒரே நாளில் ருசி பார்க்கக் கொடுக்கலாமா? அப்படியென்றால் பாதை ஓடாவிட்டாலும் ஒரு நாள்தானே பிசகும், ஆட்களும் "இது பழசு" என்று முன்கூட்டி நினைக்க மாட்டார்கள்.


பாலமீன்மடுப் பொடியன், மட்டக்களப்பு

நல்ல யோசனை. இடைத்தாக்க விளக்கத்துக்கு நன்றி ஐயா, நான் என் பழைய வேலையொன்றைத் திரும்ப எடுத்துப் பார்க்கிறேன்.


கடலோரத் தரவு, அக்கரைப்பற்று

யோசனை நல்லதுதான் தங்கச்சி, ஆனால் நான்கு நாள் உறை ஊற்றினால் நான்கு நாள் பால். 9 நாள் தயிர் ஒரு பால், 1 நாள் தயிர் வேறு பால். அப்போது வயதின் விளைவும் பாலின் விளைவும் பிரிக்க முடியாமல் ஒட்டிக்கொள்ளும். இப்போது சட்டியோடு ஒட்டிய மாதிரி. ஒரே பாலை வைத்துக்கொண்டு நாள் நாளாகக் கொடுப்பதே இதைவிட நல்லது. முன்கூட்டி நினைப்பதைக் குறைக்க, 6 ஆம், 9 ஆம் நாட்களில் புதிதாகக் கடையில் வாங்கிய தயிர் ஒரு கிண்ணம் இடையில் வைத்துக் கொடுங்கள். அதன் புள்ளியைக் கணக்கில் சேர்க்க வேண்டாம். ஆட்கள் இன்றைக்கு எல்லாமே பழசு என்று முடிவு கட்டமாட்டார்கள்.

மாமாவிடம் 9 ஆம் நாள் எந்தக் கரையில் நிற்பார் என்று முதலே கேட்டுவையுங்கள்.


தயிர்ச்சட்டி, களுவாஞ்சிக்குடி

கேட்டுவிட்டேன் அக்கா, மண்டூரில்தான் நிற்பாராம். கடைசிக் கேள்வி: இரண்டாவது அண்டாவும் வந்தால், அண்டாவையும் தற்செயல் விளைவாகப் போடவா?


வட்டைக்காரன், காரைதீவு

இரண்டு அண்டாவை வைச்சு அண்டாவுக்கு அண்டா எவ்வளவு மாறும் எண்டு மதிப்பிட ஒண்ணா. இரண்டு புள்ளிக்கு நடுவில ஒரே ஒரு இடைவெளிதான். அதை நிலையான தொகுதியாகப் போடு, வயலில பிளொக் போடுற மாதிரி. பாத்திரம் × நாள் இரண்டு அண்டாவிலயும் ஒரே பக்கம் போகுதா எண்டு வரைபடம் இரண்டு பக்கத்தில பக்கமா வரைஞ்சு காட்டு. ஆறு, ஏழு அண்டா கிடைக்கிற ஒரு நாளில தற்செயல் விளைவைப் பற்றிப் பேசுவம்.

காலைப் பாலா பின்னேரப் பாலா, அண்டைக்கு மழையா வெயிலா, உறை எந்த வீட்டில எடுத்தது, எல்லாம் கொப்பியில எழுது. சட்டியின்ர அடியில நம்பரை மையால எழுதாத, ஈரத்தில அழியும். ஆணியால கீறு.